பொறுப்பாளர் கையொப்பம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு வருஷமும் நான்கு மாதமும் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் அருகதை எனக்கில்லை என்பதால் கேட்கவில்லை. ஆனால், நலமா?

தாளில் எழுதுவது மரியாதையால் அல்ல, வக்கீலால். என் கைப்பேசியில் இருப்பதெல்லாம் ஒருநாள் மூன்று பேர் முன்னால் உரக்க வாசிக்கப்படலாம் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து நான் கடைசியாக அனுப்பியது ஓர் ஆமையின் படமும், ‘நம்ம சித்தப்பா மாதிரியே இல்ல?’ என்ற கேள்வியும். யார் வாசித்தாலும் சித்தப்பாவுக்கு நல்லதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி எட்டாம் தேதி எனக்கு விடுமுறை. ஸ்கூபா கற்றுக்கொடுப்பவனின் விடுமுறை என்றால் வேறொருவர் படகில் ஏறி, யாரும் ‘மாஸ்டர்’ என்று கூப்பிடாமல் கடலுக்குள் போய்விட்டு வருவது. பேருந்து ஓட்டுநர் லீவு போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து போவதைப் போல. பக்கத்துப் படகுத்துறையில் ஏறினேன். நீ எழுதிய ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். மூழ்குவோர் சங்கம் அச்சடித்துக் கொடுத்ததால் இங்கே எல்லாக் கடையிலும் அதுதான்.

கடைசித் தாள் உனக்கு நினைவிருக்கும். மூழ்குபவர்களுக்கு ஆறு வரிசை. அதற்குக் கீழே தனியாக ஒரு கோடு: ‘பொறுப்பாளர் கையொப்பம்’. பதினான்கு வருஷமாக ஒவ்வொரு நாளும் நான் கையெழுத்துப் போடுவது அந்தக் கோட்டில். அன்றும் என் கை நேராக அங்கேதான் போனது. போட்டது. பக்கத்தில் சான்றிதழ் எண்ணை எழுதியது. அழகுக்கு அடியில் ஒரு கீற்றும் இழுத்தது. எனக்கென்று இருந்த ஆறாம் வரிசை காலியாக இருந்ததை நான் பார்க்கவில்லை. அந்தப் படகின் மாஸ்டரும் தன் இடத்தில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருக்கிறதே, முதலாளி போட்டிருப்பார் என்று விட்டுவிட்டார்.

படகு கிளம்பியது. எனக்குக் காது அடைத்திருந்ததால் முதல் சுற்றில் இறங்கவில்லை. படகோட்டியும் நானும் மேலே இருந்தோம். மாஸ்டர் ஐந்து பேரோடு கீழே போனார். அந்த ஐவரில் ஒருவர் இந்த ஊரில் சலூன் வைத்திருப்பவர், முதல் தடவையாக இறங்கியவர். ஐந்தாறு நிமிஷத்தில் அவர் மட்டும் மேலே வந்தார். வந்தபோது மூச்சில்லை.

குதித்தேன். தண்ணீரிலேயே வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே படகுக்குக் கொண்டுவந்தேன். அலை தூக்கித் தூக்கிப் போட்டது. வலது கையைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினேன். மூச்சு வந்தது. தோள் போனது. இப்போது அவரால் அந்தக் கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியவில்லை. முடிவெட்டுகிறவருக்கு நெஞ்சுக்குக் கீழே வேலை எதுவும் இல்லை.

வழியோடு போகிறவர் ஆபத்தில் உதவினால் அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். ஆனால் பொறுப்பில் இருந்தவருக்கு அது பொருந்தாதாம். படகின் காப்பீட்டு நிறுவனம் அந்தத் தாளைக் கண்டுபிடித்து, அன்று பொறுப்பில் இருந்தவன் நான்தான் என்கிறது. ஏப்ரல் பத்தாம் தேதி சங்கத்தின் மூவர் குழு விசாரிக்கிறது. அவர்களும் அப்படியே சொல்லிவிட்டால் என் சான்றிதழ் போய்விடும். எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது என்பது வக்கீலின் கட்டளை. “ஸாரின்னு சொன்னா ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா ஏதோ பண்ணிட்டேன்னு அர்த்தம். பேசாம இருந்தா மட்டும்தான் பேசாம இருந்தேன்னு அர்த்தம்” என்றார்.

உன்னிடம் வேண்டுவது ஒன்றுதான். ‘பொறுப்பாளர்’ என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை என்று, அதை எழுதியவளாக, ஒரு வாக்குமூலம் தர வேண்டும்.

தம்பி


மார்ச் 9

தவளைக்கு,

நலம். உன் கடிதத்தில் ஆறு எழுத்துப்பிழைகள் இருந்தன. திருத்தி வைத்திருக்கிறேன்.

அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளன்று, முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “அக்கா எழுதின ஃபாரத்தப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள சிலிண்டர் காலியாயிடும்” என்று நீ சொன்னாய். முப்பது பேரும் சிரித்தார்கள். உன் அத்தான் இரண்டு தடவை சிரித்தார், அவருக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கும். அந்தப் படிவத்துக்காக நான் எட்டு மாதம் உழைத்தேன். இப்போது அதில் உள்ள ஒரு சொல்லுக்கு அர்த்தமே இல்லை என்று சத்தியம் செய்யச் சொல்கிறாய். உன் விமர்சனம் கூர்மையாகிக்கொண்டே போகிறது.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நான் முதலில் எழுதியது ‘உடனிருந்து கண்காணிப்பவர்’. அது கட்டத்துக்குள் அடங்கவில்லை. கட்டத்தை அகலமாக்கினால் தாள் ஐந்தாம் பக்கத்துக்குப் போகும், அச்சுக்கூலி கூடும். சங்கத்துச் செயலாளர் போனில் சொன்னார்: “பொறுப்பாளர்னு போட்டுடுங்கம்மா, கச்சிதமா இருக்கு.” அது வேலையைக் குறிக்கிறதா, பழியைக் குறிக்கிறதா என்று கேட்டேன். “ரெண்டும் ஒரே ஆளுதானேம்மா?” என்றார். ஆக, கடலில் யார் மேல் பழி விழும் என்பதைத் தீர்மானித்தது நானுமல்ல, சட்டமுமல்ல. அச்சகத்தின் அளவுகோல்.

இதை அப்படியே எழுதித் தருகிறேன். அர்த்தமில்லை என்று எழுத மாட்டேன். இரண்டு அர்த்தம் உண்டு என்று எழுதுவேன். யோசிக்காமல் தவறான கோட்டில் கையெழுத்துப் போடுவது இந்தப் படிவத்தில் இது முதல் தடவை அல்ல என்பதற்கும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. ஒரு கடையில் மூன்று மாதம் பொறுப்பாளர் கோட்டில் தேநீர் கொண்டுவருகிறவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், காலியாக இருந்ததாம்.

இனி என் மொழிபெயர்ப்புத் தொழில் சம்பந்தமான ஒரு கேள்வி. கையெழுத்துப் போட்டதை ஒரு பத்தி எழுதியிருக்கிறாய், கீற்று இழுத்ததுவரை. காப்பாற்றியதை ஒரு பத்தி. நடுவில் ‘படகு கிளம்பியது’ என்று இரண்டு சொல். அந்தத் துறையிலிருந்து மூழ்கும் இடத்துக்கு எவ்வளவு நேரம் என்று இங்கே ஒருவரிடம் கேட்டேன். இருபது நிமிஷம் என்றார்.

அந்த இருபது நிமிஷம் எங்கே?

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வக்கீலிடம் காட்டினேன். அச்சகத்தின் அளவுகோல் வரியைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். “உங்கக்கா ஏன் வக்கீலுக்குப் படிக்கல?” என்றார். படித்தவர்கள் மீது அவளுக்கு மரியாதை குறைவு என்றேன்.

விசாரணைக்கு ஒத்திகை நடக்கிறது. வக்கீலே எதிர்க்கட்சி வக்கீலாகவும் நடிக்கிறார், அதில் இன்னும் நன்றாக இருக்கிறார். “பயிற்சி பெற்ற மீட்பாளர்தானே நீங்க? மயங்கினவர ஒத்தக் கையப் பிடிச்சு இழுக்கக் கூடாதுன்னு உங்க பாடப் புத்தகத்துல இல்லையா?” இருக்கிறது. ஏழாம் பக்கம். படத்தோடு. நானே வருஷத்துக்கு ஆறு தடவை அந்தப் பக்கத்தை நடத்துகிறேன். உடம்புக்கடியில் கயிற்றைக் கொடுத்து உருட்டி ஏற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். படகோட்டி எஞ்சினைப் பிடிக்காவிட்டால் படகு எங்கள் தலைமேல் வந்திருக்கும். தெரியாதவன் கையைப் பிடித்து இழுத்தால் அதற்குப் பதற்றம் என்று பெயராம், தெரிந்தவன் இழுத்தால் அலட்சியமாம். பதினான்கு வருஷம் கற்றுக்கொண்டதெல்லாம் இந்தப் பெயர் மாற்றத்துக்குத்தான் போலிருக்கிறது.

போன மாதம் மீட்புப் பயிற்சிக்கு வந்த நால்வரில் மூவர் இப்போது நின்றுவிட்டார்கள். ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார்: “மாஸ்டர், இந்த கோர்ஸ படிக்காம இருந்தா யாரையும் காப்பாத்த வேண்டியதில்லைல்ல?” சட்டப்படி சரியான கேள்வி. பதில் சொல்ல வக்கீல் அனுமதிக்கவில்லை.

முடிவு தெரியும்வரை நான் பாடம் நடத்தக் கூடாது. கடையில் சிலிண்டரில் காற்று நிரப்புகிறேன், ரப்பர் உடைகளைக் கழுவிக் காயப்போடுகிறேன். கொடியில் வரிசையாகத் தலையில்லாத பத்துப் பேர் தொங்குகிறார்கள். அவர்களோடு பேசுவதற்குத் தடையில்லை.

இருபது நிமிஷம் கேட்டிருந்தாய். ஒன்றும் நடக்கவில்லை. உட்கார்ந்திருந்தோம். வெயில் இருந்தது.

தம்பி


மார்ச் 19

தவளை,

பதினோரு வருஷமாக விபத்து வாக்குமூலங்களை மொழிபெயர்க்கிறேன். லிஃப்ட், ராட்டினம், நீச்சல்குளம், ஒரு தடவை ஒட்டகம். ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். வெயில் இருந்தது என்று சேர்ப்பவர்கள் எதையோ பார்த்தவர்கள்.

அம்மா நேற்று போன் செய்தாள். நீ சாப்பிட வந்து தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாயாம். “அவன் வேலை போயிடும்னு பயப்படறான்டி” என்கிறாள். உனக்கு வேலை போன அனுபவம் உண்டு. ஐஸ் கம்பெனியில் துரத்தியபோது வீட்டுக்கு வந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டவன் நீ.

சொல்ல விருப்பமில்லையென்றால் விருப்பமில்லை என்று எழுது. வெயிலை எழுதாதே.

அக்கா


மார்ச் 25

அக்கா,

இந்தக் கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. நீயும் யாரிடமும் காட்டாதே. அத்தானிடம் காட்டலாம், அவருக்கு விளங்குவதற்குள் விசாரணை முடிந்துவிடும்.

சலூன்காரர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். உடையும் சிலிண்டரும் மாட்டி, தயாராக. இந்த ஊரில் மூழ்குகிறவர்கள் பாதிப் பேர் அவரிடம்தான் முடிவெட்டுகிறார்கள். நான் வழுக்கை என்பதால் எனக்கு அவர் பழக்கமில்லை. அவராகவே பேச ஆரம்பித்தார்.

“இருபது வருஷமா நாற்காலில உட்காந்து கதை சொல்றாங்க சார். சுறா இவ்ளோ பெரிசு, திருக்கை அவ்ளோ பெரிசுன்னு. எவ்வளவு நிஜம், எவ்வளவு பொய்னு நேர்ல பாத்துட்டு வரலாம்னு கெளம்பிட்டேன். வீட்டுல சிரிக்கிறாங்க, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு. நீங்களும் மொதல் தடவையா?”

“இல்லை, முன்னாடி போயிருக்கேன்” என்றேன். மாஸ்டர் என்று சொல்லவில்லை. சொன்னால் விடுமுறை முடிந்துவிடும்.

அவர் வாயில் குழாயை வைத்து மூச்சு இழுத்துப் பழகிக்கொண்டிருந்தார். மடியில் காற்று மீட்டர் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் முள் கீழே விழுந்து விழுந்து எழுந்தது. அவர் குழாயை எடுத்துவிட்டு அதை என்னிடம் காட்டினார். குழந்தைபோல முகமெல்லாம் சிரிப்பு. “பாருங்க சார், நான் மூச்சு விட்டா முள்ளு டான்ஸ் ஆடுது!”

அக்கா, முள் ஆடக் கூடாது. சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறந்திருந்தால் முள் அப்படியே நிற்கும். ஆடினால் லேசாகத்தான் திறந்திருக்கிறது என்று அர்த்தம். படகில் உட்கார்ந்திருக்கும்வரை மூச்சு வரும். கீழே போனால் வராது. இதை நான் முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். கையை நீட்டித் திருகினால் இரண்டு நொடி வேலை.

நான் சிரித்தேன்.

ஏன் என்று உனக்குச் சொல்கிறேன், இது சமாதானம் இல்லை. போன வருஷம் இன்னொருவர் படகில் ஒரு பெண்ணின் இடுப்புப் பட்டை தலைகீழாக இருந்தது, சொன்னேன். அந்த மாஸ்டர் எல்லார் முன்னாலும், “சார், உங்க கடைக்கு ஆள் பிடிக்கறதுன்னா கரையில வச்சுக்குங்க” என்றார். அதிலிருந்து எங்களுக்குள் எழுதாத விதி ஒன்று இருக்கிறது. இன்னொருவர் மாணவரைத் தொடாதே. சலூன்காரரின் மாஸ்டர் ஆறடி தள்ளி நிற்கிறார், இறக்கும் முன் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. தாளில் பொறுப்பாளர் கையெழுத்து இருந்ததால், முதலாளி எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டார் என்று நினைத்தாராம். என் கையெழுத்தை நம்பியிருக்கிறார்.

வக்கீலிடம் இதை வேறு யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன். ஒரு பயணி தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால்? “பயணிக்கு என்ன கடமை? ஒண்ணுமில்ல. அது கேஸே இல்ல” என்றார், சந்தோஷமாக.

பேசாமல் இருந்ததற்கு என்மீது குற்றமில்லை. காப்பாற்றியதற்குத்தான் விசாரணை.

தம்பி


ஏப்ரல் 1

தம்பி,

வாக்குமூலத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அசல் நேற்றே உன் வக்கீலுக்குப் போய்விட்டது. எழுதியதெல்லாம் உண்மை. தேநீர்க்காரரையும் சேர்த்திருக்கிறேன். இதன்படி அந்தக் கையொப்பம் பழக்கத்தால் விழுந்தது, நீ அன்று பயணிதான். குழுவுக்கு அறிவிருந்தால் இது போதும். அறிவில்லாவிட்டாலும் போதும், ஏனென்றால் மூன்று பக்கம்தான்.

மற்றதை எப்படி எழுதுவது என்று நான்கு நாளாகத் தெரியவில்லை. எனக்கு இப்படி ஆவதில்லை.

சொல்லாதே. யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு, அம்மா போடும் தட்டின் எதிரே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்? உனக்கு இரண்டு வயதில் எங்கே வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாயோ அங்கெல்லாம் ஈ உட்காராமல் விசிறியவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

மேலே உள்ள பத்தியை மூன்று தடவை படித்துவிட்டேன். எழுத்துப்பிழை இல்லை. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை, ஏனென்றால் அதை நான் நினைத்தது உண்மை. ஆனால் நீ அதன்படி நடந்தால் உன்னைப் பற்றி நான் என்ன நினைப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. நன்றாக நினைக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

பிறந்தநாள் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். படிவம் நீளம்தான். அதில் நான்கு பக்கத்துக்கு யார் யார்மேல் வழக்குப் போடக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். ‘சந்தேகமாக ஏதாவது பார்த்தால் உடனே சொல்லுங்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். இடமில்லை என்று எடுத்துவிட்டார்கள். நானும் சரி என்றேன்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்கா,

சான்றிதழ் என்னிடமே இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கும் சொல்லிவிடு.

சங்கத்து அலுவலகத்தின் மாடியில், மேஜைப் பந்து ஆடும் அறையில் நடந்தது. வலையை மட்டும் கழற்றியிருந்தார்கள். மேஜையின் அந்தப் பக்கம் மூவர், இந்தப் பக்கம் நானும் வக்கீலும். ஓரத்தில் தட்டச்சு செய்கிற அம்மா. சுவரோரம் சலூன்காரர், கழுத்திலிருந்து தொங்கும் பட்டையில் கை. அருகில் அவர் மனைவி. அவரிடம் முடிவெட்டிக்கொள்கிற இருவர் குழுவிலேயே இருந்தார்கள். இருவருக்கும் முடி வளர்ந்திருந்தது.

உன் மூன்று பக்கத்தைத் தலைவர் உரக்க வாசித்தார். தேநீர்க்காரர் வந்த இடத்தில் செயலாளர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பிறகு என்னை இரண்டு கேள்வி கேட்டார்கள். கையெழுத்து உங்களுடையதா, பொறுப்பேற்றுப் போட்டீர்களா. ஆமாம், இல்லை. தலைவர் தாள்களைத் தட்டி அடுக்கினார்.

“இன்னொண்ணு சொல்லணும்” என்றேன்.

வக்கீல் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நல்ல கனமான ஷூ. சொன்னேன். முள் ஆடியது, அவர் காட்டியது, நான் சிரித்தது, எல்லாம். ஒத்திகை இல்லாததால் முன்னுக்குப் பின்னாக வந்தது. தட்டச்சு அம்மா பாதியில் நிறுத்தி, தலைவரைப் பார்த்தார்.

“நீங்க அன்னைக்குப் பயணிதானே?” என்றார் தலைவர்.

“ஆமா.”

“பயணி என்ன பாத்தாரு, என்ன பாக்கலங்கறது விசாரணைல வராதுங்க. வால்வு விஷயம் அந்த மாஸ்டரோட ஃபைல். அது தனி. இத எடுத்துடுங்கம்மா.”

அந்த அம்மா அடித்த வரியை அழித்தார். நான் சொன்னது காகிதத்தில் எங்கும் இல்லை. வக்கீல் என் கையைக் குலுக்கி, “தப்பிச்சீங்க” என்றார். எதிலிருந்து என்று கேட்கவில்லை.

வெளியே நடைவழியில் தண்ணீர்க் கேன் இருந்தது. சலூன்காரர் இடது கையால் டம்ளரைப் பிடித்து, முழங்கையால் குழாயை அழுத்திக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். வக்கீல் வேண்டாம் என்று தூரத்திலிருந்து கையை ஆட்டினார்.

“முள்ளு ஆடினா தப்புன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் காட்டினேன்ல?”

“காட்டினீங்க.”

“சிரிச்சீங்க.”

“ஆமா. எனக்கு அன்னைக்கு லீவு. வேற ஒருத்தர் படகுன்னு…”

“எனக்கும் அன்னைக்கு லீவுதான் சார்” என்றார். டம்ளரை வைத்துவிட்டு மனைவியோடு படியிறங்கிப் போய்விட்டார். தண்ணீரைக் குடிக்கவில்லை.

திங்களிலிருந்து பாடம் நடத்தலாம். கடையில் கேக் வாங்கி வைத்திருந்தார்கள். வெட்டினேன்.

தம்பி


ஏப்ரல் 16

தம்பி,

அம்மாவிடம் சான்றிதழை மட்டும் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேன்” என்றாள். என்ன சொன்னாள் என்பதை நாங்கள் இருவரும் ஆராயவில்லை.

அந்த அறையில் நீ சொன்னதைக் கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான், அவர் கேட்டுவிட்டார். கோபமும் பட்டார். மற்றவர்கள் உன்னிடம் கோபப்படும் அளவுக்குக்கூட உன்னைக் காதில் வாங்கவில்லை.

நீ இனி வழக்கில் இல்லை. அந்த வக்கீலுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடு. பிறகு சலூனுக்குப் போ. என்ன பேசுவது என்று எழுதி எடுத்துக்கொண்டு போகாதே. எழுதிக் கொடுப்பது என் தொழில், அதன் லட்சணம் தெரிந்தே சொல்கிறேன்.

நான் உன்னைப் பற்றி நன்றாகத்தான் நினைக்கிறேன். இதை அம்மா முன்னால் சொல்ல மாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்கா,

போனேன். நேற்றுக் காலை பதினோரு மணிக்கு.

இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, மூலையில் முகம் கழுவும் தொட்டி. சலூன்காரரின் மச்சினன் யாருக்கோ முடிவெட்டிக்கொண்டிருந்தார். சலூன்காரர் தன் கடையில் தானே வாடிக்கையாளர் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் முழுக்கப் படித்தார். திருப்பினார். அதையும் படித்தார்.

“இருந்த முடிய எங்க விட்டீங்க?” என்றார், பேப்பரைப் பார்த்தபடி.

“முப்பது வயசுல போயிடுச்சு.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தேன். முதல் வார்த்தை முடிவதற்குள் இடது கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

“அத விடுங்க சார். அத வாங்கி நான் எங்க வைக்கறது? அன்னைக்கு முள்ளு, வால்வுன்னு நீங்க சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க. படகுக்காரங்களக் கேட்டேன், கேஸு நடக்குதுன்னாங்க. மாஸ்டரக் கேட்டேன், வக்கீலக் கேளுங்கன்னாரு. என் வக்கீலக் கேட்டா, அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்கறாரு. ஆனது எனக்கு. எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.” பேப்பரை மடித்தார், ஒற்றைக் கையால், அது சரியாக மடியவில்லை. “கீழ போனதும் மூச்சு வரல. கைய காலப் போட்டு அடிச்சேன். மேல வந்தேன். அவ்வளவுதான் தெரியும். பயந்துட்டேன்னு சொல்றாங்க. இந்த மச்சினன் சொல்றான், வீட்டுல சொல்றாங்க. நாற்காலில உட்காற ஒவ்வொருத்தனும் சொல்றான், பயப்படாம இருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு. ரெண்டு மாசமா நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்.”

கத்தரி நின்றுவிட்டது. மச்சினன் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

எழுந்து தொட்டியிடம் போனேன். குழாயை லேசாகத் திருகினேன், நூல் மாதிரி தண்ணீர் வந்தது. ஒரு டம்ளரைப் பிடித்தேன். “மேல இருக்கும்போது உங்களுக்கு ஒரு மூச்சுக்கு ஒரு டம்ளர் போதும். இதுலயே ரொம்பிடும். அதனாலதான் படகுல ஒண்ணும் தெரியல. பத்து மீட்டர் கீழ போனா அதே மூச்சுக்கு ரெண்டு டம்ளர் வேணும். உங்க சிலிண்டர் வால்வு இந்தக் குழாய் மாதிரி இவ்வளவுதான் திறந்திருக்கு. நீங்க இழுக்கறீங்க, வரல. இன்னும் பலமா இழுக்கறீங்க, வரவே இல்ல. அங்க யாரா இருந்தாலும் மேல ஓடித்தான் வருவாங்க. நானா இருந்தாலும்.”

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பயந்ததால மூச்சு நிக்கல” என்றேன். “மூச்சு நின்னதால பயந்தீங்க.”

சலூன்காரர் பின்பக்கம் திரும்பி, வீட்டுக்குப் போகிற கதவைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார், என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு இருந்தவர்கூட என் பக்கம் திரும்பிவிட்டார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க சார்” என்றார் சலூன்காரர். “மொதல்ல இருந்து. இவங்க எல்லாரும் கேக்கட்டும்.”

தம்பி